பச்சைக் காரைப் பார்த்துப் பதறிய தெரு

"என் காரைப் பார்த்தா ஊரே பயப்படுதுங்க. என் கைக்கு வர்றதுக்கு முன்னாடி அது யாரையாவது கொன்னுச்சா இல்லையான்னு நீங்கதான் கண்டுபிடிச்சுச் சொல்லணும்."

பல் டாக்டர் இப்படிச் சொன்னபோது கொழுந்தன் டம்ளரில் டீ ஊற்றிக்கொண்டிருந்தான். பாதி டீ டம்ளருக்குள் போனது. மீதி அவன் பாதத்தில் விழுந்தது.

"ஸ்ஸ்... கொலைக் கேஸா!" என்றான், ஒற்றைக் காலில் நின்றபடி. "அண்ணி, போன வாரம் வரைக்கும் காணாமப்போன கிளியைத் தேடிக்கிட்டு இருந்தோம். நமக்கு ப்ரமோஷன் வந்திருக்கு."

"முதல்ல தரையைத் துடை தம்பி," என்றாள் அண்ணி.

சலவைக்கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறைக்கு வெளியே 'துப்பறியும் நிலையம்' என்று பலகை இருந்தது. ஆனால் ஊரில் எல்லோருக்கும் அது அண்ணி ஆபீஸ்தான். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்து விசாரணை செய்து, மேலதிகாரியின் சொந்த விபத்தையே பொய் என்று நிரூபித்து, அதனாலேயே வேலையை விட்டவள் அவள். கணவன் கப்பலில் இன்ஜினியர். வருஷத்தில் பாதி நாள் கடலில். 'அண்ணிக்குக் கொஞ்ச நாள் கூடமாட இருடா' என்று அண்ணன் சொன்னதை நம்பி வந்த தம்பி, இன்னும் கூடமாட இருந்துகொண்டிருந்தான். அவன் வாய்க்கு வாய் 'அண்ணி, அண்ணி' என்று அழைத்ததில் வாடிக்கையாளர்கள் வாயிலும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

"முதல்ல இருந்து சொல்லுங்க டாக்டர்," என்றாள் அண்ணி.

டாக்டர் ஜன்னல் வழியே கீழே காட்டினாள். தெருவோரத்தில், இலைப் பச்சை நிறத்தில், தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் நின்றது. இரண்டே கதவு, இரண்டே சீட்டு. கொழுந்தன் துடைப்பதை மறந்து ஜன்னலில் தொங்கினான்.

"காலேஜ்ல படிக்கும்போதே இந்த மாடல் மேல எனக்கு ஒரு கிறுக்கு. புதுசு வாங்க வக்கில்ல. போன மாசம் பழைய கார் விக்கிற கடையில இதைப் பார்த்தேன். ஒருத்தர் கையிலதான் இருந்துச்சு, ரொம்பக் கம்மியா ஓடியிருக்குன்னு சொன்னாங்க. அன்னைக்கே எடுத்துட்டேன். எங்க வீட்டு ஆளுங்க எல்லாம் சிரிச்சாங்க. பழைய காரு வாங்கினா பாதி நாள் அது நம்மளைச் சுமக்கும், பாதி நாள் நாம அதைச் சுமக்கணும்னாங்க. நான் கேக்கல. காலையில எந்திரிச்சதும் ஆயில் பாக்கறேன், தண்ணி பாக்கறேன், டயர்ல காத்து பாக்கறேன். இன்ஜின் சூடாகாம கிளப்ப மாட்டேன். பேஷண்ட்டுங்களுக்கு ரெண்டு வேளை பல் தேய்க்கச் சொல்ற மாதிரி, அதுக்கு என்னென்ன செய்யணுமோ அத்தனையும் செய்யறேன்."

"கொடுத்து வச்ச கார்," என்றான் கொழுந்தன்.

"ஆனா பழக்கடைத் தெரு வழியாப் போனா போதும். கடைக்காரங்க வெளிய வச்ச கூடையை எல்லாம் உள்ள இழுத்துக்கறாங்க. சைக்கிள்ல வர்றவர் இறங்கி சுவத்தோட ஒட்டி நிக்கறாரு. ஒரு பெரியவர் என்னைப் பார்த்ததும் மரத்துக்குப் பின்னாடி ஒளியறாரு. நான் என்ன, பல்லைப் பிடுங்கவா வந்தேன்?"

"அப்புறம்?"

டாக்டரின் குரல் தணிந்தது. "அப்புறம் டயர். காலையில பார்த்தா ஒரு டயர்ல காத்தே இருக்காது. ஊதினா, ரெண்டு மூணு நாள் கழிச்சு இன்னொரு டயர். பஞ்சரும் இல்ல. எவனோ காரோட பழைய பகையை வச்சுக்கிட்டு என் வீட்டுக்குள்ளயே வந்துட்டுப் போறான். எனக்குத் தூக்கமே போச்சு. என் வீட்டுக்காரரும், போதும், இந்தச் சனியனைத் திருப்பிக் கொடுத்துடலாம்னு கார்க் கடைக்காரர்கிட்ட சொல்லிட்டாரு. இன்னைக்குச் சாயங்காலம் வந்து எடுத்துட்டுப் போறாங்க." அவள் கைக்குட்டையை எடுத்தாள். "எனக்குக் கொடுக்க மனசே இல்லைங்க."

"டயர்ல காத்து போகுதே, அந்த வால்வு மேல இருக்கிற மூடி?"

"அது பத்திரமா இருக்கும். இறுக்கித் திருகியிருக்கும்."

அண்ணியின் புருவம் ஒரு நூல் அளவு உயர்ந்தது. அந்தப் புருவத்தின் பாஷை கொழுந்தனுக்கு அத்துப்படி. ஏதோ சிக்கிவிட்டது.

"உங்க வீட்டுக்காரர் என்ன பண்றாரு?"

"ரேடியோவுல போக்குவரத்து நிலவரம் சொல்வாரே, அவர்தான்."

"ஐயோ, அந்தக் குரலா!" கொழுந்தன் துள்ளினான். "அவர் சொன்னா நெரிசல்ல மாட்டிக்கிட்டு நிக்கறதுகூட சுகமா இருக்கும்ங்க!"

"அவர் கார் ஓட்டுவாரா?" என்றாள் அண்ணி.

"நல்லா ஓட்டுவாராம். ஆனா, நெரிசலைப் பத்திப் பேசறவனே தெருவுல இன்னொரு வண்டியைக் கொண்டு வரக்கூடாதுன்னு ஒரு கொள்கை. பஸ்லதான் போவாரு."

அண்ணி எழுந்து கைப்பையை மாட்டிக்கொண்டாள். "வாங்க, பழக்கடைத் தெருவுக்குப் போவோம்."

கார் என்றால் இரண்டு சீட்டு. டாக்டருக்கு ஒன்று, அண்ணிக்கு ஒன்று. கொழுந்தனுக்குச் சலவைக்கடைக்காரரின் சைக்கிள். முன்னால் துணிமூட்டைக் கூடையோடு இருந்த அதை மிதித்துக்கொண்டு, ஸ்போர்ட்ஸ் காரைத் துரத்திய முதல் துப்பறிவாளன் என்ற பெருமையோடு அவன் பின்னால் போனான். கார் முக்குக்கு முக்கு இவனுக்காக நின்றது. வேகத்தடை வந்தால் வயிறு தரையில் தட்டிவிடாமல் இருக்க டாக்டர் காரைக் கோணலாகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கினாள். அதற்குள் இவன் மூச்சு வாங்கிக்கொள்ள நேரம் கிடைத்தது.

பழக்கடைத் தெரு வந்தது. டாக்டர் சொன்னதில் ஒரு சொல்கூட மிகையில்லை. பச்சை மூக்கு திருப்பத்தில் எட்டிப் பார்த்ததுதான் தாமதம், 'வருதுடோய்' என்று ஒரு குரல் எழுந்தது. கூடைகள் சரசரவென்று உள்ளே போயின. பெரியவர் ஒருவர் மரத்துக்குப் பின்னால் மறைந்தார். அவருடைய தொப்பை மட்டும் மறையவில்லை. கார் யோக்கியமாக, தன் பாதையில், ஊர்ந்து போய் மறுமுனையில் நின்றது.

கொழுந்தன் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு ஒரு பழக்கடைக்குள் நுழைந்தான். கடைக்கார அம்மா தர்பூசணிக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். தலையில் முறம்.

"போயிடுச்சா?" என்றாள்.

"போயிடுச்சும்மா. ஏன் இப்படிப் பயப்படறீங்க?"

"ஊருக்குப் புதுசா? அந்தக் காரு இந்தத் தெருவுல பண்ணின அழிச்சாட்டியம் கொஞ்சமா நஞ்சமா! கொஞ்ச நாளாக் காணோமேன்னு நிம்மதியா இருந்தோம். திரும்ப வந்துடுச்சு."

"கார்ல எத்தனை பேர் வருவாங்க?"

"ரெண்டு பேரு. ஒருத்தர் ஓட்டுவாரு. இன்னொருத்தர், தடியா, மொட்டைத் தலை, பக்கத்துல உக்காந்து கத்துவாரு. 'அமுக்கு! அமுக்கு!'ன்னு."

கொழுந்தன் ஒரு அடி பின்வாங்கினான். "யாரை அமுக்கச் சொல்வாரு?"

"யாருக்குத் தெரியும்? அமுக்கிக்கிட்டே ஒண்ணைப் போடும்பாரு."

"ஒண்ணைப் போடணுமா?"

"ஒண்ணைப் போட்டதும் ரெண்டைப் போடும்பாரு. ஆனா இவரு ஒண்ணைப் போட்டதோட சரி. ரெண்டாவதைப் போடறதுக்குள்ள ஏதாவது கம்பத்துல முட்டிக்கிட்டு நின்னுடுவாரு."

"பட்டப்பகல்லயா?" கொழுந்தனின் குரல் கீச்சென்றது.

"வாரம் தவறாம. என் தர்பூசணியே எத்தனை செத்திருக்கு! ஆனா அந்த ஓட்டற ஆளு மரியாதைக்காரரு. இடிச்ச கையோட கண்ணாடியை இறக்கி மன்னிப்புக் கேப்பாரு பாரு, செய்தி வாசிக்கற மாதிரி, அட்சரம் பிசகாம, கணீர்னு. அதைக் கேக்கறதுக்குன்னே இன்னொரு தடவை இடிச்சாப் பரவால்லன்னு தோணும். அந்த மொட்டைத் தலை யாருன்னா..."

கொழுந்தன் அதற்கு மேல் நிற்கவில்லை. சைக்கிளில் ஏறினான். மறுமுனையில், வேப்ப மரத்தடியில், காரின் கதவைத் திறந்து வைத்து அண்ணி குனிந்திருந்தாள். டாக்டர் பக்கத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி! கூலிப்படை!" மூச்சுக்கும் பேச்சுக்கும் நடுவே கொட்டித் தீர்த்தான். "மொட்டைத் தலையன் தலைவன். ஓட்டறவன் படிச்ச ரவுடி. அமுக்குன்னா அமுக்கறான், ஒண்ணைப் போடுன்னா போடறான். ஆனா ரெண்டாவது ஆளைப் போட வரல. தொழில்ல இன்னும் தேறல போல. போட்டதுக்கப்புறம் சுத்தமான உச்சரிப்புல மன்னிப்பு வேற கேக்கறான், செய்தி வாசிக்கற மாதிரி!"

டாக்டர் வெளிறிப்போய்க் காரின் மேலேயே சாய்ந்துகொண்டாள். அண்ணி நிமிர்ந்தாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் கொழுந்தன் முதலில் நினைத்தான்.

"அந்தம்மா சொன்னதை முழுசாக் கேட்டியா?"

"முழுசாக் கேக்கற அளவுக்கு எனக்குத் தைரியம் இல்ல அண்ணி."

"வா. உள்ள பாரு. அந்தக் கியர் ராடு தலையில இருக்கிற நம்பரைப் படி."

கொழுந்தன் உள்ளே தலையை விட்டான். கறுப்பு உருண்டை. அதன்மேல் வெள்ளையில் எண்கள். "ஒண்ணு... ஒண்ணு தெரியல, தேய்ஞ்சு போச்சு. ரெண்டு பாதி இருக்கு. மூணு, நாலு, அஞ்சு மூணும் புத்தம்புதுசா மின்னுது."

"ஆளை முடிச்சுட்டுத் தப்பிச்சு ஓடறவன் ஒண்ணாவது கியர்லயேவா ஓடுவான்?"

கொழுந்தன் வாயைத் திறந்தான். அப்படியே மூடிக்கொண்டான். அது அபூர்வம்.

"உங்க மெக்கானிக் என்ன சொன்னாரு டாக்டர்?"

"அவரா? 'யாரு மேடம் இதுக்கு முன்னாடி கை வச்சது'ன்னு தலையில அடிச்சுக்கிட்டாரு. கிளட்ச் பிளேட்டை சோப்பு மாதிரி தேய்ச்சிருக்காங்களாம். இன்ஜின் ஒரு நாளும் நல்ல ரோட்டுல மூச்சு விட்டதே இல்ல, அதான் புகையுது, ஒரு தடவை நீண்ட தூரம் ஓட்டிட்டு வாங்கன்னாரு."

அண்ணி பக்கத்து இருக்கைக்கு முன்னால், கால் வைக்கும் இடத்து விரிப்பைத் தூக்கினாள். தகட்டில் வரிசையாக நான்கு துளைகள், ரப்பர் வைத்து அடைக்கப்பட்டிருந்தன. "இங்க ஏதோ திருகி மாட்டியிருந்திருக்காங்க." பிறகு முன்கண்ணாடியின் மேற்புறத்தைத் தட்டினாள். அங்கே வட்டமாக ஒரு பசைத் தடம். "இங்க ரெண்டாவதா ஒரு கண்ணாடி, பக்கத்துல உக்கார்றவரு பின்னாடி வர்ற வண்டியைப் பாக்கறதுக்கு. காலுக்கு ரெண்டாவதா ஒரு பிரேக்கு. அந்த மொட்டைத் தலைக்காரர் கிளட்ச்சை அமுக்கச் சொல்லியிருக்காரு தம்பி. ஒண்ணாவது கியரைப் போடச் சொல்லியிருக்காரு."

டாக்டர் கண்களை அகல விரித்தாள். "கார் ஓட்டக் கத்துக்குடுக்கற ஸ்கூலா? ஸ்போர்ட்ஸ் கார்லயா?"

"போய்க் கேப்போம். அந்த மாதிரி ஸ்கூல் காரு தன் வீட்டுத் தெருவைத்தான் அதிகமா இடிக்கும்."

ஸ்கூல் அடுத்த சந்திலேயே இருந்தது. உள்ளே ஒரு மேஜை, சுவரில் சாலைக் குறியீட்டுப் படங்கள், ஓரத்தில் ரேடியோ. மேஜைக்குப் பின்னால், தடியாக, மொட்டைத் தலையோடு மாஸ்டர். அவருடைய வலது முட்டியில் பெரிய கட்டு. அந்தக் காலுக்குக் கீழே இருந்த தரை ஓடு மட்டும் நொறுங்கியிருந்தது.

பச்சைக் கார் என்றதும் அவர் முகம் இளகியது. "என் தங்கம். எப்படி இருக்கா? ஆயில் நேரத்துக்கு மாத்தறீங்களா?"

"அதுல ஏன் மாஸ்டர் கத்துக்குடுத்தீங்க?" என்றான் கொழுந்தன்.

"வெக்கப்படறவங்களுக்காகத் தம்பி. மத்த ஸ்கூல் கார்ல பின்சீட்டுல மூணு பேரு தன் முறை வர்றவரைக்கும் உக்காந்திருப்பான். முன்னாடி ஓட்டறவன் தப்புப் பண்ணினா அவனுங்க சிரிப்பானுங்க. வயசான மனுஷன், ஊருல நாலு பேருக்குத் தெரிஞ்ச மனுஷன், எப்படிக் கத்துப்பான்? அதான் பின்சீட்டே இல்லாத காரா வாங்கினேன். போர்டும் மாட்டல. எத்தனையோ பேரு அதுல கத்துக்கிட்டுத் தலை நிமிர்ந்து போனாங்க."

"அப்புறம் ஏன் வித்தீங்க?"

மாஸ்டர் தன் முட்டியைத் தடவினார். "ஒரே ஒரு ஆளுதான்மா. நல்லவரு, தங்கமானவரு. ஆனா காருக்கும் அவருக்கும் ஆகவே ஆகாது. அவரு ஒரு தடவை பிரேக்கை மிதிச்சா நான் பத்துத் தடவை மிதிக்கணும். லைசென்ஸ் பரீட்சைக்கு வந்த அதிகாரி, பாதி வழியில இறங்கி நடந்தே போயிட்டாரு. என் முட்டியும் போச்சு. காரை வித்துட்டேன்."

"யார் அவர்?" என்றாள் டாக்டர்.

"அதைக் கேக்காதீங்க. யாருக்கும் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். நீங்க பேஷண்ட்டு வாயில எத்தனை சொத்தைன்னு வெளிய சொல்வீங்களா?"

கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான். அவள் மேஜை ஓரத்து ரேடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பேர் சொல்ல வேண்டாம் மாஸ்டர். உங்க வாக்கு உங்களோட இருக்கட்டும். கொஞ்சம் பாட்டுக் கேக்கலாமா?"

"தாராளமா."

அண்ணி குமிழைத் திருகினாள். பாட்டு ஒன்று முடியும் தறுவாயில் இருந்தது. முடிந்தது. ஒரு மணியோசை. பிறகு அந்தக் குரல், தேனைத் தொட்டுக்கொண்டு வந்தது போல:

"வாகன ஓட்டிகளின் கனிவான கவனத்திற்கு..."

டம்!

மாஸ்டரின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. மேஜை துள்ளியது. பேனாக்கள் உருண்டன. அவர் வலது கை வெறுங்காற்றில், இல்லாத ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தது. "பிரேக்கு! பிரேக்கு! கம்பம்! கம்பம்!" என்று அலறியவர், தான் நாற்காலியில் இருப்பது நினைவுக்கு வந்து, மெல்லக் கண்ணைத் திறந்தார்.

"...முன்னே செல்லும் வாகனத்துக்குப் போதிய இடைவெளி விட்டு, நிதானமாகச் செல்லவும்," என்றது ரேடியோ.

டம்! இன்னொரு ஓடு நொறுங்கியது.

கொழுந்தனுக்கு வழக்கமாக இந்த மாதிரி இடத்தில் ஒரு நக்கல் நாக்கு நுனியில் வந்து நிற்கும். டாக்டரின் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டான்.

"இது என் வீட்டுக்காரர் குரல்," என்றாள் அவள்.

"உங்க வீட்டுக்காரரா?" மாஸ்டர் இரண்டு கைகளாலும் மொட்டைத் தலையைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ, நான் ஒண்ணும் சொல்லலையே! என் காலுதான் சொல்லிச்சு!"

"செவ்வாய்க்கிழமை ஆனா ஒத்திகை இருக்குன்னுட்டுப் போவாரு," என்றாள் டாக்டர், தனக்குத்தானே. "நெரிசல் நிலவரம் சொல்றதுக்கு என்ன ஒத்திகைன்னு ஒரு நாளும் நான் கேட்டதில்ல."

வெளியே வந்ததும் கொழுந்தன் அண்ணியின் காதருகே கேட்டான். "உங்களுக்கு எப்பவே தெரியும்?"

"அவர் ஓட்டுவாரான்னு கேட்டேன். 'ஓட்டுவாராம்'னு சொன்னாங்க. கட்டின புருஷன் ஓட்டறதைப் பார்த்திருந்தா எந்தப் பொண்டாட்டியும் 'ஓட்டுவாரு'ம்பா, கடைசியில அந்த 'ஆம்' போட மாட்டா. அப்புறம், காத்தைப் பிடுங்கற எதிரி மூடியை மறுபடியும் இறுக்கித் திருகி வைப்பானா? அது வீட்டு மனுஷன் பழக்கம். மீதியை நீ கொண்டு வந்தே, செய்தி வாசிக்கற மாதிரின்னு."

"அப்போ கேஸைக் கண்டுபிடிச்சது நான்தான்னு சொல்லுங்க."

"நீதான். ஆனா உனக்குத்தான் தெரியல."

வழியெல்லாம் கார் சைக்கிளுக்காக நின்று நின்று, டாக்டர் வீட்டுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. கார் ஷெட்டுக்குள் நுழையும் சத்தம் கேட்டு, உள்ளே யாரோ சட்டென்று எழுந்து நின்றார். உயரமான மனிதர், மடிப்புக் கலையாத சட்டை. கையில் காற்று இறக்குகிற சின்னக் கம்பி. டாக்டர் நேற்று வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்திருந்த உபரிச் சக்கரம் அவர் காலடியில் சூம்பிப்போய்க் கிடந்தது. அவர் ஏதோ சொல்ல முயன்றார். கன்னம் மட்டும் உப்பியது.

டாக்டர் நேராக அவரிடம் போனாள்.

"வாயைத் திறங்க."

பழக்க தோஷம். இத்தனை வருஷ தாம்பத்தியத்தில் அந்த ஆணைக்கு அவர் மறுப்புச் சொன்னதே இல்லை. வாய் திறந்தது. டயர் வால்வின் சின்ன மூடி டாக்டரின் உள்ளங்கையில் விழுந்தது.

"இது மிகவும் வருந்தத்தக்க ஒரு நிகழ்வு," என்றார் அவர். பதற்றத்தில் அவருக்குச் செய்தித் தமிழ்தான் வரும் போல. "இது குறித்த முழு விவரங்கள் விரைவில்..."

"மாஸ்டரைப் பார்த்துட்டுத்தான் வர்றோம்."

அவருடைய தோள் இறங்கியது. சூம்பிய சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கொழுந்தனுக்கு அங்கிருந்து நழுவிவிடலாம் போலிருந்தது. அண்ணி அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடி உன்கிட்ட கார் ஓட்டத் தெரியும்னு சொல்லிட்டேன்," என்றார் அவர். "சும்மா ஒரு பந்தாவுக்கு. அப்புறம் மாத்த முடியல. இந்த மாதிரிக் காரு தெருவுல போனா நீ அப்படியே நின்னுடுவே. என்னைக்காவது ஒரு நாள் நான் ஓட்டிக்கிட்டு வந்து வாசல்ல நிறுத்தி, ஏறு, போலாம்னு சொல்லணும்னு நினைச்சேன். அதுக்காகத்தான் கத்துக்கப் போனேன். வரவே இல்லம்மா. மாஸ்டர் காரை வித்துட்டார்னதும் தப்பிச்சேன்னு இருந்தேன். ஒரு மாசம்கூட ஆகல, நீ அதையே ஓட்டிக்கிட்டு வாசல்ல வந்து நிக்கறே! என்னைக்காவது பழக்கடைத் தெருவுல எவனாவது உன்கிட்ட சொல்லிடுவான்னுதான் டயர்ல காத்தை இறக்கினேன்; இன்னைக்குக் கொடுக்காம மனசு மாறிடுவியோன்னு இதுலயும். நாடே என் பேச்சைக் கேட்டு வண்டி ஓட்டுது. எனக்கு ஒண்ணாவது கியரைத் தாண்டத் தெரியாது."

டாக்டர் உள்ளங்கையிலிருந்த மூடியை உருட்டினாள்.

"உங்களுக்கு ஓட்டத் தெரியாதுன்னு எனக்குக் கல்யாணத்தன்னைக்கே தெரியும்," என்றாள். "காருக்குக் கதவைத் திறங்கன்னா டிக்கியைத் திறந்து வச்சுக்கிட்டு நின்னீங்க. கத்துக்கப் போனீங்கன்னுதான் தெரியாது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் கண் கலங்கியிருந்தது. அவர் முகத்தில் நிம்மதி எட்டிப் பார்க்க, அவள் அதை அங்கேயே தடுத்து நிறுத்தினாள்.

"சந்தோஷப்படாதீங்க. பொய் சொன்னதைக்கூட விட்டுடறேன். காத்தை இறக்கினீங்களே, அது? எவனோ கத்தியை வச்சுக்கிட்டு நம்ம வீட்டைச் சுத்தறான்னு ஜன்னலை ஜன்னலாப் பூட்டிக்கிட்டுத் திரிஞ்சேன். பக்கத்துல படுத்துக்கிட்டு, 'பயப்படாதே, காரைக் கொடுத்துடலாம்'னு எனக்கே ஆறுதல் சொன்னீங்க. நான் நடுங்கினது உங்களுக்குத் தெரியலையா?"

இந்தத் தடவை செய்தித் தமிழ் வரவில்லை.

"தப்புதான்மா," என்றார், காதுக்கு எட்டியும் எட்டாத குரலில். "உன் பயத்தைவிட என் மானம் பெருசாத் தெரிஞ்சுடுச்சு."

வாசலில் ஹார்ன் சத்தம் கேட்டது. காரை எடுத்துப் போகக் கடைக்காரர் வந்துவிட்டார். டாக்டர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். "கார் விக்கறதுக்கு இல்லைங்க," என்று அவள் சொல்வது உள்ளே கேட்டது. கடைக்காரர் ஏதோ முனகினார். "இல்லைன்னா இல்லைதான்," என்றது டாக்டரின் குரல்.

அவள் திரும்பி வரும்போது கையில் கால்பம்ப்பு இருந்தது. அதைக் கணவனின் முன்னால் வைத்தாள்.

"இந்தச் சக்கரத்தை ஊதுங்க. அப்புறம் மத்த நாலுலயும் காத்தைச் சரிபாருங்க. ஆயில் எப்படிப் பாக்கறதுன்னு நாளைக்குக் காட்டறேன். ஓட்ட நானே கத்துத்தர்றேன். ஒளிஞ்சு இல்ல. ஊரு பாக்க, பழக்கடைத் தெருவுலயே."

"ஊர் பாக்கவா?" அவர் முகம் சூம்பிய டயரை விடச் சூம்பியது.

"ஊர் பாக்க."

அவர் பம்ப்பை மிதிக்க ஆரம்பித்தார். அண்ணியும் கொழுந்தனும் சொல்லிக்கொள்ளாமல் வெளியேறினார்கள்.

மறுநாள் காலையில், சலவைக்கடைக்கு மேலே, கொழுந்தன் ரேடியோவைத் திருகிவிட்டு நாற்காலியில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டான். மணியோசை. அந்தக் குரல். வழக்கமான நிதானம்.

"வாகன ஓட்டிகளின் கனிவான கவனத்திற்கு. பாலத்தருகே போக்குவரத்து சீராக உள்ளது. சந்தைச் சாலையில் பணிகள் நடைபெறுவதால் மாற்று வழியைப் பயன்படுத்தவும். இன்று மாலை பழக்கடைத் தெருவில் பச்சை நிறக் கார் ஒன்று செல்லும். ஓட்டுபவர் கற்றுக்கொண்டிருப்பவர். மெதுவாகச் செல்வார். நடுவில் நின்றுவிடவும் கூடும். பொதுமக்களும் கடைக்காரர்களும் பொறுத்தருளும்படி கேட்டுக்கொள்கிறேன்."

ஒரு மூச்சு இழுத்துவிடும் சத்தம் கேட்டது. ரேடியோவில் அவர் இப்படி மூச்சு வாங்கி இதுவரை யாரும் கேட்டதில்லை.

"அந்த ஓட்டுநர் நான்தான்."

கொழுந்தன் காலைக் கீழே இறக்கினான். "அண்ணி! கேட்டீங்களா? நாம கட்டிக் காத்த ரகசியத்தை அவரே ஊருக்கெல்லாம் சொல்லிட்டாரு!"

அண்ணி ஜன்னலில் நின்று, கீழே பார்க்கும்படி அவனைக் கையால் அழைத்தாள். கீழே நாற்சந்தியில் சிக்னல் பச்சைக்கு மாறியிருந்தது. ஒரு வண்டியும் நகரவில்லை. யாரும் ஹார்ன் அடிக்கவில்லை. பஸ்ஸிலும் காரிலும் லாரியிலும், ஒவ்வொரு ஜன்னலுக்கு உள்ளேயும், ரேடியோவைப் பார்த்துக்கொண்டு ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.